மாறிகீது என்று மட்டும் சொன்னவள்

யார் வீட்டுக்கு வந்தாலும் அவள் உள்ளே வர மாட்டாள். வாசல்படிக்கு வெளியே ஒரு காலை முன்னே, ஒரு காலைப் பின்னே வைத்து, பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி நிற்பாள். "பெரிம்மா, மாறிகீது" என்பாள். அவ்வளவுதான். என்ன மாறியது, யார் மாற்றியது, நல்லதா கெட்டதா, ஒன்றும் அந்த வாயிலிருந்து வராது. நான் "சரி" என்பேன். அவளும் "சரி" என்று போய்விடுவாள்.

அவள் பெயரை நான் சொல்லப் போவதில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. பத்துப் பன்னிரண்டு வருஷம் ஒரே குப்பத்தில் இருந்தும் அவளை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது. "ஏ, ஜெராக்ஸ்" என்பேன். ஊரே அப்படித்தான் கூப்பிட்டது. கூப்பிடாத பெயரை இப்போது சொன்னால் இல்லாத உறவைக் கொண்டாடுகிற மாதிரி இருக்கும். அந்தப் பழக்கம் எனக்கு இல்லை.

அவள் எங்கள் ஆள் இல்லை. பெரம்பூர்ப் பக்கத்துப் பெண். எங்கள் குப்பத்துப் பையன் ஒருவன் கூட்டிக்கொண்டு வந்தான். மூன்று வருஷம் வைத்திருந்தான். பிறகு டிராலரில் போனவன் வேறொரு துறைமுகத்தில் இறங்கி அங்கேயே ஒரு குடும்பம் வைத்துக்கொண்டான். இவள் அழுது நான் பார்க்கவில்லை. எர்ணாவூர் ரோட்டு முனையில் ஒரு பெட்டிக்கடை அளவு இடம் பிடித்து, ஜெராக்ஸ் மிஷினும் கம்ப்யூட்டரும் போட்டு உட்கார்ந்துவிட்டாள். இடது கை விரல் எப்போதும் கருப்பாக இருக்கும், மிஷின் மைப்பொடி. பொட்டலத்தில் வேர்க்கடலை வாங்கித் தின்பாள். தின்று முடித்ததும் பொட்டலத்தைப் பிரித்து அதில் இருக்கிற எழுத்தையும் படிப்பாள்.

கண்ணில் படுவது எது மாறினாலும் அவளுக்குச் சொல்லியாக வேண்டும். நேற்று இருந்த கல் இன்று இல்லை என்றால் சொல்வாள். பம்பு அடியில் குடத்து வரிசை மாறினால் சொல்வாள். ஒரு தடவை மேலத்தெருவில் ஒருத்தியிடம், "யக்கா, உங்க வூட்டுக்காரரு செருப்பு மாறிகீது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அந்த ஆள் வேறு வீட்டில் செருப்பை விட்டு, அங்கே இருந்த எவனுடையதையோ மாட்டிக்கொண்டு வந்திருக்கிறான். அன்றைக்கு அந்தத் தெருவில் விளக்குமாறு பறந்தது. நான் போய்க் கேட்டேன்.

"ஏண்டி, குடும்பத்துல கொளுத்திப் போட்டுட்டு இங்க குந்தி கடலை துன்னுகினு கீற?"

"நான் இன்னா பெரிம்மா சொன்னேன்? செருப்பு மாறிகீதுனு சொன்னேன். ஏன் மாறிச்சினு நான் சொன்னனா?"

"அதான்டி பேஜாரு. பாதிய சொன்னா மீதிய அவங்களே சேத்துக்குவாங்க."

அப்போதுதான் அவள் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். பேசின் பிரிட்ஜ் யார்டில் ரயில் சக்கரத்தைச் சுத்தியால் தட்டிப் பார்க்கிற வேலை அவருக்கு. வண்டி வந்து நின்றதும் குனிந்தபடியே ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிக்கொண்டு போவார். சத்தம் மாறினால் சாக்பீஸால் ஒரு கோடு. "அவ்ளோதான் அவரு வேல. உள்ள இன்னா ரிப்பேருனு பாக்கறது வேற ஆளு. எங்கப்பா கோடு போட்டுட்டு அடுத்த சக்கரத்துக்கு பூடுவாரு."

"வேற ஆளு பாக்கலன்னா?"

"கோடு கீதே, பெரிம்மா."

அதற்கு மேல் அவளிடம் பேச முடியாது.

வீட்டுக்கொரு பக்கம் வந்த கதையையும் சொல்ல வேண்டும். கடல் அரித்து எங்கள் குப்பத்தில் பாதி வீடு போனது. போனவர்களில் சிலர் எர்ணாவூர் குடியிருப்பில், சிலர் சொந்தக்காரர் வீட்டில் என்று சிதறினார்கள். யார் எங்கே இருக்கிறார்கள், யார் வீடு எங்கே இருந்தது, யாருக்கு என்ன படகு என்று ஊர் நோட்டில் எழுதி மாளவில்லை. படித்த பெண்கள் மூன்று பேர் சேர்ந்து கம்ப்யூட்டரில் விக்கி என்று ஒன்று தொடங்கினார்கள். வீட்டுக்கு ஒரு பக்கம். ஊர்க்காரர் யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் எழுதியதை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். பழைய எழுத்து அழியாமல் பின்னால் இருக்கும். ஊர் நோட்டுக்குப் பதில் இனி இதுதான் என்று வலைக்கூடத்தில் கூட்டம் போட்டுச் சொன்னார்கள்.

கூட்டத்தில் இவளுக்கு இடம் இல்லை. கூரைக்கு வெளியே நின்றிருந்தாள். அங்கிருந்தே கேட்டாள்.

"யாரு வேணா மாத்தலாம்னா, மாத்துனது எப்புடித் தெரியும்?"

ஊர்த் தலைவர் பீடியை அணைத்துவிட்டு, "தெனம் போய் பாத்துக்க வேண்டியதுதாம்மா" என்றார்.

"எவன் பாப்பான்? பக்கத்துக்குப் பக்கம் ஒரு ஃபீடு செஞ்சிடலாம். அந்தப் பக்கம் மாறிச்சினா அந்த வூட்டு போனுக்கு சேதி வரும்."

"ஃபீடா? இன்னாமா, இறாலுக்கா போடப்போற?" என்றான் ஒருத்தன். எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

"அதுக்கு எதுக்கு வூட்டுக்கு ஒண்ணு? ஊருக்கு மொத்தமா ஒரே சேதி வெச்சிடு" என்றார் தலைவர்.

"ஊருக்கே ஒண்ணுன்னா நாள் பூரா மணி அடிக்கும். ரெண்டு நாள் பாப்பீங்க. மூணாவது நாள் போன கவுத்துப் போட்டுடுவீங்க. அவங்கவங்க பக்கத்துக்கு அவங்கவங்க மணி."

யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கடையில் உட்கார்ந்து அவளே செய்தாள். ஒவ்வொரு வீட்டு நம்பரையும் வாங்கி, அந்த வீட்டுப் பக்கத்தோடு கோர்த்தாள். யாராவது ஒரு எழுத்தை மாற்றினாலும் போனில் டொய்ங் என்று சத்தம் வரும். "உங்கள் வீட்டுப் பக்கம் மாறியுள்ளது" என்று ஒரு வரி, அதன் கீழே நீலத்தில் ஒரு வரி. நீலத்தை அழுத்தினால் பக்கம் திறக்கும்.

முதல் மாசம் நல்ல கூத்து. தலைவரின் அண்ணன் தன் பக்கத்தில் தனக்கு இரண்டு படகு என்று எழுதிக்கொண்டார். அவர் பக்கத்துக்கு அவர் மகனும் மருமகளும்கூட நம்பர் கொடுத்திருந்தார்கள். மருமகள் ஒன்று என்று மாற்றினாள். அவர் இரண்டு என்றார். மகன் ஒன்றரை என்று போட்டான், ஒன்று ஓட்டையாம். மத்தியானம் முழுக்க அந்த வீட்டில் டொய்ங் டொய்ங் என்று கோயில் மாதிரி இருந்தது. கிழவர் கடைக்குப் போய்க் கத்தினார். அவள் கடலைத் தோலை ஊதிவிட்டு, "மாறிச்சி, அடிச்சிது நைனா" என்றாள்.

என் நம்பரையும் நான் கொடுத்தேன். அவள் கேட்டாள், "பெரிம்மா, உனக்கு சேதி போதுமா, இல்ல நான் நேர்ல வந்து சொல்லட்டா?"

"ஏன், எனக்கு படிக்கத் தெரியாதா?" என்றேன்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். எழுத்து வகுப்பு நடந்த காலத்தில் எட்டு மாசம் போனேன். பஸ் போர்டு படிப்பேன். காசிமேட்டு ஏலத்தில் பலகையில் எழுதுவதைப் படிப்பேன். பெரிய எழுத்து என்றால் கூட்டிக் கூட்டிப் படித்துவிடுவேன். போனில் வருவது எறும்பு வரிசை. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கையெழுத்துப் போடுகிறவள் என்று எங்கள் தெருவில் எனக்கு ஒரு மரியாதை இருந்தது. அவ்வளவு சுலபமாக அதைக் கொடுத்துவிட மாட்டேன்.

முதல் தடவை சேதி வந்தபோது நீலத்தை அழுத்தினேன். பக்கம் திறந்தது. மேலே என் வீட்டுக்காரர் பெயர், கீழே என் பெயர், பிறகு எறும்பு. நடுவில் எங்கள் படகின் படம். என்ன மாறியிருக்கிறது என்று ஒரு பொழுது முழுக்கப் பார்த்தேன். தெரியவில்லை. சாயங்காலம் அவள் வாசலில் வந்து நின்றாள்.

"பெரிம்மா, மாறிகீது. பாத்தியா?"

"பாத்தேன்."

"நல்லா கீதா?"

"நல்லாத்தான் கீது."

அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி" என்று போய்விட்டாள். புளியந்தோப்பில் கட்டிக்கொடுத்த என் மகள் மறுவாரம் வந்தபோதுதான் தெரிந்தது. அந்தப் படம்தான் புதிதாம். எப்போதும் இருக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

எங்கள் குப்பத்தில் கல்யாணமான ஆண் இருக்கிற வீடு ஒரு தலைக்கட்டு. கோயிலுக்கு வரி கொடுப்பது தலைக்கட்டு, ஊர்ப் பங்கு வாங்குவது தலைக்கட்டு, கூட்டத்தில் பேசுவது தலைக்கட்டு. ஆண் செத்துவிட்டால் அந்த வீட்டுக்கு வரி கிடையாது. கருணை மாதிரி அதைச் சொல்வார்கள். வரி இல்லாத வீட்டுக்கு வாயும் கிடையாது என்பதைச் சொல்ல மாட்டார்கள். என் வீட்டுக்காரர் செத்த வருஷமே நான் வரியைக் கொண்டுபோய்த் தலைவர் முன்னால் வைத்தேன். "வேணாம்கா, உனக்கு விலக்கு" என்றார். "எனக்கு விலக்கு வேணாம், பேரு வேணும்" என்றேன். வாங்கிக்கொண்டார். அதிலிருந்து ஒரு திருவிழாவும் நான் தவறவில்லை. என் வீட்டுப் பக்கத்தில் "தலைக்கட்டு: முழு" என்று எழுதியிருந்தது. என்னைப் பார்த்து நண்டுக்காரியும் வரி கட்டி முழு ஆனாள். அவளும் தாலி அறுத்தவள்தான். என் பக்கத்தில் உட்கார்ந்து நண்டு விற்கிறவள். எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. தெரியாததைப் பற்றி வெட்கமும் கிடையாது.

பிறகு ரோட்டோரம் மீன் விற்கிற எங்களுக்குக் கூரை போட்டு மேடை கட்டினார்கள். தண்ணீர்க் குழாய், சாக்கடை, மேலே விசிறி. தலைக்கட்டுக்கு ஒரு மேடை. விக்கியில் இருக்கிற கணக்குதான் கணக்கு, அமாவாசைக் கூட்டத்தில் பெயர் படிப்போம், அதற்குள் குறை இருந்தால் சொல்லுங்கள் என்றார்கள். நாற்பது வருஷமாக வெயிலில் உட்கார்ந்த உடம்பு இது. அந்த மேடையில் என் அருவாமனையை எந்தப் பக்கம் வைப்பது என்பதுவரை யோசித்துவிட்டேன்.

மீன்பிடித் தடைக்காலம் அது. படகு போகவில்லை. நாங்கள் ஐந்தாறு பேர் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தோம். டொய்ங் என்றது. எடுத்துப் பார்த்தேன். அதே வரி, அதே நீலம். படத்தைத் தேடினேன், படம் இருந்தது. போனை மடியில் செருகிக்கொண்டேன். அன்று சாயங்காலமே அவள் வந்தாள்.

"பெரிம்மா, மாறிகீது."

"பாத்துட்டேன்."

மறுநாளும் வந்தாள். அதே பேச்சு. நாலாம் நாள் கருவாட்டு மணலுக்கே வந்து, எல்லார் முன்னாலும் நின்றாள்.

"பெரிம்மா, மாறிகீது."

"எத்தினி தபாடி சொல்லுவ? பாத்துட்டேன்னு சொன்னேனில்ல?"

"பாத்துட்டு ஒண்ணும் பண்ணலியே. அமாவாசைக்குள்ள பண்ணணும்."

அன்றைக்கு அவள் வழக்கத்தைவிட நாலு வார்த்தை அதிகமாகப் பேசினாள். அதை நான் கவனித்திருக்க வேண்டும். எல்லாரும் பார்க்கிறார்களே என்றுதான் எனக்குக் கொதித்தது.

"நான் இன்னா தற்குறியா? கையெழுத்து போடறவ நான். உன் வேல மணி அடிக்கறதோட நிக்கட்டும். எனக்கு இன்னா பண்ணணும்னு உன்ன மாதிரி ஊட்டுக்காரன் ஓடிப்போனவ வந்து சொல்லத் தேவயில்ல."

அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "சரி" என்று திரும்பினாள். கொஞ்ச நேரத்தில் நண்டுக்காரியும் எழுந்து அதே பக்கம் போனாள். ஒதுங்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

நண்டுக்காரிக்கும் சேதி வந்திருக்கிறது, எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நேரே கடைக்குப் போய்ப் போனை நீட்டி, "இன்னாடி மாறிச்சி, படிச்சி சொல்லு. எனக்கு எழுத்துன்னா எருமமாடு மாதிரி நிக்கும்" என்று கேட்டிருக்கிறாள். ஜெராக்ஸும் படித்துச் சொல்லியிருக்கிறாள்.

அமாவாசைக் கூட்டத்தில் நண்டுக்காரி எழுந்து கத்திய கத்தலில் கூரைப் புறா பறந்தது. "வரி வாங்கறப்ப முழு, மேடை குடுக்கறப்ப இல்லியா? எவன்டா என் பக்கத்துல கைய வெச்சது?" என்றாள். பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் பெயரைச் சேர்த்துப் படித்தார்கள். என் பெயரைப் படிக்கவில்லை. என் கொழுந்தன் மகன் பெயரை இரண்டு தரம் படித்தார்கள்.

நான் எழுந்தேன். "என் பேரு?"

"யக்கா, உன் வூடு உன் கொழுந்தன் மவன் தலைக்கட்டோட சேந்துட்சி. பதினஞ்சு நாளா பக்கத்துல அப்புடித்தான் கீது" என்றார் தலைவர். "உனக்கு சேதி வந்துச்சில்ல? பாத்துட்டேன்னு நீயே கருவாட்டு மணல்ல சொன்னியாமே? பாத்துட்டு சும்மா இருந்தா ஒத்துகினேன்னு தான அர்த்தம்?"

கொழுந்தன் மகன் தலையைக் குனிந்து, கிடந்த வலையில் இருந்த மிதவையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். அவன் கல்யாணத்தில் தாய் இல்லாத குறைக்கு நான் நின்றேன்.

எனக்குப் படிக்க வராது என்று ஒரு வார்த்தை. அந்த இடத்தில் அதைச் சொல்லியிருந்தால் நண்டுக்காரிக்கு மாற்றின கையோடு எனக்கும் மாற்றியிருப்பார்கள். எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். என் வாய் சொன்னது வேறு.

"பாத்தேன். நான்தான் விட்டுட்டேன். எனக்கு எதுக்கு மேடை? எனக்கு வெயில்லதான் யாபாரம்."

உட்காராமல் அப்படியே நடந்து கடைக்குப் போனேன்.

"ஏன்டி எனக்கு சொல்லல?"

"சொன்னேன் பெரிம்மா. மூணு தபா."

"இன்னா மாறிச்சினு சொன்னியாடி?"

அவள் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினாள். பழைய வரி சிவப்பில், புது வரி பச்சையில். முதல்முறையாக எனக்குப் படித்துக் காட்டினாள். சிவப்பு, "தலைக்கட்டு: முழு." பச்சை, "தலைக்கட்டு: இல்லை, கொழுந்தன் மகன் வீட்டோடு சேர்ந்தது." பக்கத்திலேயே என் கொழுந்தன் மகன் பெயர், மாற்றிய நேரம் எல்லாம் இருந்தது.

"எனக்கு படிக்க வராதுன்னு உனக்குத் தெரியுமா?"

கையில் இருந்த கடலையை அவள் திரும்பப் பொட்டலத்தில் போட்டாள். "தெரியும்."

"எப்பலேந்து?"

"படகு படம் போட்ட நாள்லேந்து."

"தெரிஞ்சும் வாய மூடிகினு இருந்தியா?"

"நண்டுக்காரக்கா கேட்டுது, சொன்னேன். நீ படிச்சிட்டேன்னு சொன்ன. படிச்சிட்டேன்னு சொல்றவங்க கையில கீற போன புடுங்கி படிக்க எனக்கு வராது பெரிம்மா." பிறகு, "இப்பவும் முழுன்னு மாத்தலாம். நானே மாத்தறேன். ஆனா மேடை மாறாது" என்றாள்.

"என் நம்பர எடுத்துடு. உன் மணியும் வேணாம், நீயும் வேணாம்."

மறுபேச்சுப் பேசாமல் அங்கேயே, என் கண் முன்னாலேயே எடுத்தாள்.

அவள் என்னை மதித்தாள் என்று என் மகள் சொல்கிறாள். இருக்கலாம். அந்த மதிப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, வெயிலுக்குத் தலையில் போட்டுக்கொள்ளவா? தெரிந்தே ஒருத்தியைப் பள்ளத்தில் நடக்கவிட்டு, கோடு போட்டிருக்கிறேனே என்று நிற்கிறது ஒரு மதிப்பா? வசைமொழியாக இன்னும் நிறையச் சொல்வேன். சொல்ல ஆரம்பித்தால் கருவாட்டு மணலில் நான் அவளைப் பார்த்துச் சொன்னதும் கூடவே ஞாபகம் வந்துவிடுகிறது. அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நண்டுக்காரியிடம் ஒரு நாள் கேட்டேன், "நீயாவது எனக்கு சொல்லக்கூடாதாடி?"

"நீதான பாத்துட்டேன் பாத்துட்டேன்னு குதிச்ச? கொழுந்தன் மவனுக்கு விட்டுக் குடுத்துட்டன்னு நெனச்சேன். பெரிய மனசுக்காரின்னு ஊரெல்லாம் சொல்லிகினு வேற இருந்தேன்" என்றாள்.

நண்டுக்காரியின் கத்தலுக்குப் பிறகு பெரியவர்களுக்கு அந்த மணி கசந்துபோனது. வெளியூர்க்காரி ஊர் விஷயத்தில் மணி அடிக்கிறாள் என்றார்கள். கடை இருந்த இடம் கோயில் இடம் என்றார்கள். விக்கியில் அவளுக்கென்று ஒரு பக்கம் இல்லை. தலைக்கட்டு இல்லாத வீட்டுக்குப் பக்கம் எழுத அவர்கள் விடவே இல்லை. அவளைப் பற்றி அவர்கள் எடுத்த முடிவு எந்தப் பக்கத்திலும் ஏறவில்லை. அதற்கு யார் போனிலும் மணி அடிக்கவில்லை.

ஒரு காலையில் என் வாசலில் நின்றாள். ஒரு காலை முன்னே, ஒரு காலைப் பின்னே. ரோட்டில் ஆட்டோ நின்றது. உள்ளே கம்ப்யூட்டர், சாக்கு மூட்டை.

"பெரிம்மா, மாறுது" என்றாள்.

எது, எங்கே, எப்போது திரும்புவாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் சொல்கிறவள்தான் அவள், அது எனக்கு அப்போது நன்றாகவே தெரியும். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன்.

"சரி" என்றேன்.

வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் நின்றாள். "சரி" என்று ஏறிப் போய்விட்டாள். பெரம்பூர் என்கிறார்கள். அங்கே அவள் அப்பா வீடு இல்லை என்றும் சொல்கிறார்கள்.

மணி அவள் கம்ப்யூட்டரிலிருந்து அடித்தது. அவளோடு நின்றுபோனது. பக்கங்கள் இருக்கின்றன, மாறுகின்றன. யார் வீட்டுப் பக்கம் எப்போது மாறியது என்று இப்போது யாருக்கும் தெரியாது. பெரியவர்களுக்கு நிம்மதி. மேடையில் நண்டுக்காரி விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குப் பக்கத்தில் என் கொழுந்தன் மகன் பெண்டாட்டி. அடுத்த மேடையில் அவர்களுடைய ஐஸ் பெட்டி இருக்கிறது. நான் எதிரே ரோட்டோரத்தில் குடை போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

போன வாரம் ஒரு பெண் சங்கரா வாங்க வந்தாள். நான் செதில் சீவிக்கொண்டிருந்தேன். மடியில் டொய்ங் என்றது. அதே சத்தம். என் நம்பரை அவள் எடுத்துவிட்டாள் என்று தெரியும், கண்ணால் பார்த்தேன். இருந்தும் கை நின்றுவிட்டது. சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தேன். எறும்பு வரிசை. அதன் கீழே நீலத்தில் ஒரு வரி.

அந்தப் பெண்ணிடம் நீட்டினேன். எதிர் மேடையில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன்.

"எனக்கு படிக்க வராதும்மா. இன்னா மாறிகீதுனு கொஞ்சம் பாத்து சொல்லு."

அவள் வாங்கிப் படித்தாள். விரலால் தள்ளி இன்னொரு தரம் படித்தாள்.

"ஒண்ணும் மாறல ஆயா. ரீசார்ஜ் பண்ணச் சொல்லி வந்துகீது."